ஆறடிப் பாலத்துத் தூக்கம்

திருப்பூரில், பஸ் போகிற ரோட்டிலிருந்து மூன்று சந்து உள்ளே தள்ளி, பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஒரு வீதியில், இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றே காலத்தைக் கழித்த ரங்கநாயகி, ஐம்பத்து மூன்றாவது வயதில் வேலையை விட்டு நின்றாள். நின்ற மறுநாளே, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜப்பான் தோட்டம் போடப் போவதாகச் சொன்னாள். வீதியில் யாரும் சிரிக்கவில்லை. ரிட்டயர்டு ஆனவர்கள் காசிக்குப் போவார்கள், கண் ஆபரேஷன் செய்துகொள்வார்கள், இவள் தோட்டம் போடுகிறாள், போட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஆசை அவளுக்குச் சுவரிலிருந்து வந்தது. சரக்கு வாங்குகிற ஜப்பான்காரர்கள் வருஷம் தவறாமல் ஒரு காலண்டர் அனுப்புவார்கள், அதைச் செக்கிங் மேஜைக்கு எதிரே மாட்டி வைப்பார்கள், அதில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு தோட்டம் இருக்கும், வெள்ளைக் கல் விரித்த தரை இருக்கும், கல்விளக்கு இருக்கும், சிவப்புப் பாலம் இருக்கும், ஆனால் ஒரு தாளிலாவது ஒரு ஆள் இருக்க மாட்டார். கழுத்துப் பட்டி கோணல், கைத்தையல் விட்டிருக்கிறது, இங்கே ஓட்டை, அங்கே எண்ணெய்க் கறை என்று பீஸ் பீஸாகப் புரட்டிப் பார்த்துத் தள்ளுகிற இடைவெளியில் ரங்கநாயகி தலையைத் தூக்கிப் பார்த்தது அந்த ஆளில்லாத இடத்தைத்தான். ஒருநாள் அப்படி ஓர் இடத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும், யாரும் எதையும் கொண்டுவந்து முன்னால் போடக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இடம் என்று பார்த்தால் இரண்டேகால் சென்ட். அதில் கிடந்த ஓட்டைச் சைக்கிளையும் தென்னை மட்டையையும் எடுத்துப் போட்டாள். ஜப்பானில் தண்ணீருக்குப் பதிலாகக் கல்லை விரித்து அதையே ஆறு என்று வைத்துக்கொள்வார்கள் என்று காலண்டரைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தாள். திருப்பூருக்கு இதைவிடத் தோதான ஆறு கிடையாது. அமராவதிக் கரையிலிருந்து கூழாங்கல் வந்தது. உடைந்த மாட்டுத்தொட்டிக் கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கல்விளக்கு ஆக்கினாள். காலண்டரில் இருந்த சிவப்பு இலை மரம் இங்கே முளைக்காது என்று நர்சரிக்காரன் சொன்னதால் ஒரு புங்க மரம் வைத்தாள். மிளகாய் காயப் போட்டால் கிளறிவிடுவார்களே, அந்தப் பல் வைத்த கட்டையால் கூழாங்கல்லை இழுத்து அலை போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, கான்கிரீட் எப்போது போடுவதாக உத்தேசம் என்று விசாரித்தார். போடுவதாக இல்லை என்றதும் மனிதருக்கு வருத்தமாகிவிட்டது.

பாலத்துக்கு ஆசாரி அங்கமுத்து வந்தார். வேப்ப மரத்தில் ஆறடி நீளம், நடுவில் கொஞ்சம் வளைவு, மேலே சிவப்புப் பூச்சு. அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தபோதுதான் ரங்கநாயகி அந்தத் தப்பைச் செய்தாள். பனியன் துணி ஒரு தண்ணீர் பார்த்தால் சுருங்கிவிடும் என்பதால் வெட்டும்போதே நூற்றுக்குப் பத்து கூட்டி வெட்டுவது வழக்கம், அந்தக் கூடுதலைச் சரிபார்த்துச் சரிபார்த்தே இருபத்திரண்டு வருஷம் போனதால், ஆறடிப் பாலத்துக்கும் கை தன்போக்கில் ஏழங்குலம் கூட்டி எழுதிவிட்டது. அங்கமுத்து பார்த்துவிட்டு, மரம் துணியாட்டம் சுருங்காதுங்கம்மா என்றார். எதுக்கும் இருக்கட்டும் என்றாள் இவள். ஆசாரியும் ஆறடி ஏழங்குலத்துக்கே அறுத்து, இழைத்து, பூட்டி, சாயம் பூசிக் கடைசியில் டேப் வைத்துப் பார்த்தார். சரியாக ஆறடி இருந்தது. அந்த ஏழங்குலம் எங்கே போனது என்று டீக்கடையில் பல நாள் பேசினார், கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

பாலத்தில் முதலில் ஏறியது ரங்கநாயகியின் மகள் இளவேணி. அப்பன் போய்ச் சேர்ந்த பிறகு அதே கம்பெனியில் பவர் டேபிள் மிஷினில் தைக்க உட்கார்ந்தவள், வயது இருபத்தாறு, அந்த வீட்டில் இப்போது சம்பளம் வாங்குகிற ஒரே ஆள். வாரம் பூராவும் தினம் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்டும் முடித்து மதியம் வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டவள், சோற்றுக்கு முன்னால் பாலத்தைப் பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றி இந்தப் பக்கம் காலை வைத்தாள். வைத்த கால் எடுப்பதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். ஆனால் ஏறியபோது ஈரமாக இருந்த தலை காய்ந்து, கன்னத்தில் பலகையின் வரி பதிந்து, கண் குழந்தையின் கண்ணாகத் தெளிந்திருந்தது.

"நடந்துட்டே இருந்தேன்மா. பலக முடியவே இல்ல. ஆரும் இல்ல, ஒரு சத்தமும் இல்ல. சித்த உக்காரலாம்னு உக்காந்தேன், அப்புடியே தூங்கிப் போனேன்" என்றாள் இளவேணி.

ரங்கநாயகி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். செக்கிங்காரியின் கண்ணுக்கு முதலில் படுவது நகம், ஏனென்றால் நகம் நீண்ட தையல்காரி தொட்ட பீஸில் நூல் இழுபட்டிருக்கும். காலையில் ஒட்ட வெட்டிக்கொண்டு போன மகளின் நகம் ஒரு மாதத்துக்கு வளர்ந்திருந்தது. இருவருமாக உட்கார்ந்து அதை வெட்டிவிட்டுச் சோறு தின்றார்கள்.

இப்படிப்பட்ட சங்கதி வீதியில் எத்தனை நாள் அடங்கிக் கிடக்கும்? அடுத்த வீட்டு அயர்ன் மாஸ்டர் வந்தார், பால்காரர் வந்தார், இரட்டைப் பிள்ளை பெற்று மூன்று மாதமாகக் கண்மூடாத ஒருத்தி இரண்டு பிள்ளையையும் ரங்கநாயகியின் மடியில் போட்டுவிட்டு ஏறி, அவை அழ வாய் திறப்பதற்குள் இறங்கி வந்து வாங்கிக்கொண்டாள், வாங்கியவள் அழுதாள். யாரும் இது ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது என்றுதான் கேட்டார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது, வெற்றிலை துப்பக் கூடாது, சொந்தத் தலையணை கொண்டுவரலாம் என்று தானாகவே சட்டம் உருவானது. வாடகைக்கு விட்டே காலம் தள்ளுகிற ஒரு காம்ப்ளக்ஸ் முதலாளி காரில் வந்து ஏறினார். மனிதருக்கு அலுப்பு என்று ஒன்று இல்லாததால் ஆறடி நடந்து அந்தப் பக்கம் இறங்கி, ஏமாற்று வேலை என்று ரங்கநாயகியைத் திட்டிவிட்டுப் போனார். அலுத்தவர்களுக்கு மட்டும்தான் பாலம் நீண்டது, எவ்வளவு அலுப்போ அவ்வளவு நீளம்.

ரங்கநாயகி மட்டும் ஏறவில்லை. முதலில், வருகிறவர்களை வரிசையில் விடுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. நரம்பு சுருட்டிக்கொண்ட காலோடு கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள், கம்பெனியில் நின்றதைவிட அதிகமாகவே நின்றாள். அவள் உட்காருவதற்காக விரித்த கல்லில் ஊரே நடந்தது, போட்ட அலை ஒரு நாளும் அரைமணி நேரம் தாங்கவில்லை. அப்புறம் பயம் வந்தது. ஒரு வாரத்து அலுப்புக்கு ஒரு மாதத்து நகம் என்றால், இருபத்திரண்டு வருஷத்து அலுப்பைச் சுமந்துகொண்டு ஏறுகிறவள் எப்போது இறங்குவாள்? அலுப்பை அவள் நன்றாக அறிவாள், அது மேலோட்டமாகப் போகிற சரக்கில்லை.

பாலத்தின் சமாசாரம் கம்பெனிக்குத் தெரிந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. மேனேஜர் குப்புராஜ் நேரில் வந்தான். கெட்ட மனிதன் என்று சொல்ல முடியாது, அவனும் செல்போனைக் காதில் வைத்தபடியே சாப்பிடுகிற பிறவிதான். ஏறி இறங்கினான், முகம் மலர்ந்தது, அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டான். மறுவாரம் கம்பெனி வேன் வந்தது. ஒன்றரை ஷிப்டு முடிந்த பெண்களை, அவர்களோடு இளவேணியையும், நடைக்குப் பதினோரு பேராக வேனில் ஏற்றி வந்து பாலத்தில் விட்டார்கள். ஒரு நிமிஷத்தில் பதினோரு பேரும் தூங்கி எழுந்து, அதே வேனில் திரும்பிப் போய் இன்னொரு ஒன்றரை ஷிப்டு பார்த்தார்கள். முதல் மாதம் இரண்டு மடங்கு சம்பளம் வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு அதுவே வழக்கமான வேலை நேரம் என்று ஆனது. கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற தேதியையும் அதற்குத் தகுந்தாற்போல முன்னால் தள்ளிவிட்டார்கள். தூங்கினால் அலுப்புத் தீரும் என்று இருந்தது போய், தூங்கியாகிவிட்டதே, இன்னும் என்ன அலுப்பு என்று கேட்கிற காலம் வந்தது.

பாலத்தில் தூங்கின நாளெல்லாம் உடம்பின் வயதுக் கணக்கில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. ஊர் அதையும் பழகிக்கொண்டது. நரை முடிக்குச் சாயம் வாங்கினார்கள், கண்ணாடிக் கடைக்காரன் ஊசிக்கு நூல் கோக்கிற கண்ணாடி என்று தனியாகவே வாங்கி அடுக்கினான். கேட்டில் செக்யூரிட்டிக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போனபோது, கம்பெனி ஒன்றும் கேட்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுக்க ஏற்பாடு செய்தது. இளவேணியின் கழுத்தில் தொங்கிய முதல் அட்டையில் இருந்தது அவள். இரண்டாம் அட்டையில் இருந்தது அவளுடைய சின்னம்மா மாதிரி ஒருத்தி. மூன்றாவதை ரங்கநாயகி பார்க்க மறுத்துவிட்டாள்.

வேலையை விட்டுவிடச் சொல்லி மன்றாடினாள் தாய். நான் விட்டா என் மிஷின்ல மத்தியானமே வேற ஆள் உட்கார்ந்துரும் என்றாள் மகள், அதிலே கோபம்கூட இல்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

தை மாதத்தில் காங்கேயத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ அவர்கள் கையில் இருந்தது. இளவேணி பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, காப்பித் தட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் மரியாதையாக எழுந்து தம்ளரை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"ஏனுங்கக்கா, நீங்களும் உக்காருங்க. பொண்ண வரச் சொல்லுங்க, பாத்துட்டு வெயிலுக்கு முந்திக் கெளம்போணும்."

"சொல்றனுங்க" என்றாள் இளவேணி. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பெண்ணுக்குத் திடீரென்று காய்ச்சல் என்று ரங்கநாயகி சொன்னாள். வந்தவர்கள் நல்லவர்கள், உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க என்று பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் அழவில்லை.

"அழறதுக்கும் தெம்பு வேணுமில்லம்மா. வேன் வர்ற நேரமாச்சு, சேலைய மாத்தோணும்" என்றாள்.

அன்றைக்கே ரங்கநாயகி தோட்டத்துக் கேட்டைப் பூட்டினாள். வேனில் வந்த பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சண்டை போட அவர்களுக்கும் தெம்பில்லை, தூங்காமல் திரும்பிப் போனால் ஊசி விரலில் இறங்கிவிடும் என்று மட்டும் சொன்னார்கள். கடைசியில் சாவியை எடுத்துவந்து பூட்டைத் திறந்தது இளவேணிதான். ரங்கநாயகி கம்பெனிக்குப் போய்க் குப்புராஜைப் பார்த்தாள். அவன் மீசை முழுக்க வெளுத்திருந்தது. எனக்கும் மேல இருந்து சொல்றாங்கக்கா, நானும் தினம் மூணு தடவை ஏறித்தான் வர்றேன் என்றான். பொய்யில்லை. அங்கமுத்துவைக் கூப்பிட்டு வந்து பாலத்தை அறுத்துப் போடச் சொன்னாள். ஆசாரி ரம்பத்தோடு ஏறினார். அறுபது வருஷம் மரத்தோடு மல்லுக்கட்டிய உடம்பு அது. ஏறின கணத்தில் அந்தப் பக்கம் நெஞ்சுவரை தாடியோடும் துருவேறிய ரம்பத்தோடும் இறங்கி, எதற்கு வந்தோம் என்பதே மறந்து, ரங்கநாயகியிடம் குடும்ப நலமெல்லாம் விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாசியில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. கடைசி வேனில் வருகிற பெண்கள் கண் சிவந்தபடியே இறங்கினார்கள். பலகை முன்னைப்போல் நீளமாக இல்லை, படுத்துக் கண் அசருவதற்குள் முடிந்துவிடுகிறது என்றார்கள். வேனிற் காலத்துக் கிணற்றில் கடைசிக் குடம் சேறாக வருமே, அந்த மாதிரி. கம்பெனிக்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள்: நன்றாகத் தைக்கிறவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு மிச்சத்தில் என்று டோக்கன் போட்டார்கள். நன்றாகத் தைக்கிறவர்களில் இளவேணியின் டோக்கன் முதலாவது. ரங்கநாயகி அந்த டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பாலத்தில் இருப்பது தீர்ந்துபோகிற பொருள். தீர்ந்துவிட்டால் வேன் வராது. ஆனால் அது தானாகத் தீருகிறவரை விட்டால் அவள் மகளும் அதோடு தீர்ந்துபோவாள்.

மறுநாள் காலை வேன் வந்து நின்று, பதினோரு பெண்களும் வரிசை கட்டி, இளவேணி முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றியபோது, ரங்கநாயகி மகளின் கையைப் பிடித்து ஒதுக்கிவிட்டுத் தான் முன்னால் வந்தாள்.

"இன்னைக்கு நான் போறேன் கண்ணு."

"அம்மா, உன்ற அலுப்புக்குப் போனா நீ எப்ப வருவ?" என்றாள் இளவேணி. தாயின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கண் சிமிட்டற நேரந்தான். பயப்படாத" என்று சொல்லிவிட்டுத் தாய் காலை எடுத்து வைத்தாள்.

பலகை நீண்டு கிடந்தது. காலண்டரில் பார்த்ததுபோலவே ஒரு ஆள் இல்லை. ரங்கநாயகி படுத்தாள். கால்கள் மட்டும் கொஞ்ச காலம் நின்றுகொண்டிருப்பதாகவே நினைத்தன, பிறகு அவையும் புரிந்துகொண்டன. செக்கிங் மேஜையின் அலுப்பைத் தூங்கினாள், பிள்ளை பெற்ற அலுப்பைத் தூங்கினாள், கல்யாணத்துக்கு முன்னால் பருத்திக்காட்டில் குனிந்து நின்ற அலுப்பைத் தூங்கினாள், புருஷன் நோயில் கிடையாகக் கிடந்தபோது விழித்திருந்த ராத்திரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூங்கினாள். எல்லாம் தீர்ந்து ஒருநாள் விழித்தபோது உடம்பு காற்றாய் இருந்தது. நாலு எட்டு வைத்தால் இறங்கிவிடலாம், அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சுகத்தை அறிந்ததில்லை. ஆனால் பலகையில் இன்னும் தூக்கம் மிச்சம் இருந்தது, அவள் இறங்கினால் அந்த மிச்சத்தில் ஏற மகள் டோக்கனோடு நின்றாள். ரங்கநாயகி திரும்பிப் படுத்துக்கொண்டாள். அலுப்பில்லாமல் தூங்குவது இருக்கிறதே, அதுதான் அவள் வாழ்நாளில் பார்த்த பெரிய வேலை. கண்ணை இறுக்கி மூடினாள், புரண்டாள், எழுந்து உட்கார்ந்து மறுபடி படுத்தாள், இளவேணி என்று சொல்லிச் சொல்லித் தூங்கினாள், பல் விழுந்தது, முடி கொட்டியது, தோல் தளர்ந்தது, ஒரு ஷிப்டு முடிந்ததும் அடுத்த ஷிப்டு என்று தூங்கித் தூங்கி, கடைசியில் பலகையில் தலை வைக்க இடமில்லாத ஒரு பொழுதில் எழுந்து நின்றாள்.

அந்தப் பக்கம் இறங்கினது எண்பத்தைந்து வயதுக் கிழவி. இளவேணி ஓடிப் போய்த் தாங்கிக்கொண்டாள். வரிசையில் அடுத்திருந்தவள் பாலத்தில் ஏறினாள்; ஆறடி நடந்து இறங்கினாள். அடுத்தவளும் ஆறடி நடந்தாள். மூன்றாவது ஆள் திரும்பவும் இந்தப் பக்கம் வந்து இன்னொரு தடவை நடந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

"அத்தனையும் நீங்க ஒருத்தரே தூங்கித் தீத்துட்டீங்களா?" என்று கேட்டு அந்த மூன்றாமவள் பாலத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். மற்றவர்களும் ரங்கநாயகியைப் பேசாத பேச்சில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அழுகிறவளையும் தூக்கி ஏற்றிக்கொண்டு வேன் போனது.

அன்று சாயங்காலத்துக்குள் தையல் செக்ஷனில் பாதிப் பேர் மிஷின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டார்கள். எழுப்ப வந்த குப்புராஜ் அட்டைப் பெட்டிமேல் சாய்ந்தவன் சாய்ந்தபடியே குறட்டை விட்டான். மூன்று நாள் கம்பெனி மிரட்டிப் பார்த்தது. தூங்குகிறவர்களை எப்படி மிரட்டுவது? வேறு ஆள் எடுக்கலாம் என்றால் ஊரில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் பழையபடி ஒன்றரை ஷிப்டு என்று போர்டு எழுதி மாட்டினார்கள். ஒன்றரை ஷிப்டும் ஒன்றும் சொர்க்கமில்லை. வீதியில் இன்றைக்கும் ரங்கநாயகியிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு, ஊர்த் தூக்கத்தைத் தின்றவள் என்றுதான் அவளுக்குப் பெயர்.

போர்டு மாட்டிய நாள் இளவேணி ராத்திரிச் சோற்று நேரத்துக்கே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாயை விரித்துப் படுத்தாள். ரங்கநாயகிக்கு இனித் தூக்கம் என்பது கிடையாது, அவள் பங்கும் ஊர்ப் பங்கும் முடிந்துபோனது. மகளின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், விடிகிறவரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னலுக்கு வந்ததும் இளவேணி திடுக்கிட்டு எழுந்து, பழைய பயத்தில் தன் கன்னத்தையும் தலையையும் தடவிப் பார்த்தாள்.

"எத்தன வயசாச்சும்மா எனக்கு?"

"நேத்தைக்கு இருந்ததுக்கு ஒரு நாள் கூட, கண்ணு" என்றாள் ரங்கநாயகி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இளவேணி அதை நம்பாமல் விரலை வெளிச்சத்தில் நீட்டி நகத்தைப் பார்த்தாள், அது நேற்று இருந்தபடியே இருந்தது. பிறகு தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், நன்றாகவே அழுதாள், அதற்கு வேண்டிய தெம்பு அவளுக்கு வந்திருந்தது.